ஜெயித்தால் ஜெர்மானியர், தோற்றால் வந்தேறி!

2010 அக்டோபரில் பெர்லினில் ஜெர்மனிக்கும் துருக்கிக்கும் கால்பந்துப் போட்டி. ஜெர்மனிக்காக ஆடிய மெசுட் ஓசிலைப் பார்த்துத் துருக்கி ரசிகர்கள் கூச்சல் போட்டுக்கொண்டே இருந்தார்கள். இத்தனைக்கும் அவர் துருக்கியக் குடும்பத்துப் பிள்ளை. அன்று ஓசில் ஒரு கோல் அடித்தார். ஆனால் கொண்டாடவில்லை.

"அம்மா பிடிக்குமா, அப்பா பிடிக்குமா?" என்று குழந்தைகளிடம் கேட்டு வேடிக்கை பார்ப்பார்களே, அதே கேள்வியைத்தான் இரண்டு நாடுகளைச் சுமப்பவர்களிடம் உலகம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. குழந்தையாவது வளர்ந்ததும் தப்பித்துவிடும். இவர்களுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை!

1961 ஒப்பந்தத்தின்படி துருக்கியிலிருந்து ஜெர்மனிக்கு ஆட்களை அழைத்தபோது வைத்த பெயரே 'விருந்தாளித் தொழிலாளி'. விருந்தாளி என்றால் ஒருநாள் கிளம்ப வேண்டும் அல்லவா? இவர்கள் கிளம்பவில்லை. பேரன் காலத்திலும் அந்தப் பெயரின் வாடை போகவில்லை. ஓசில் பிறந்தது ஜெர்மனியின் கெல்சன்கிர்ஷனில். துருக்கிக் குடியுரிமையை விட்டுவிட்டுத்தான் ஜெர்மன் குடியுரிமை பெற்றார். 2014-ல் உலகக் கோப்பையும் வென்று கொடுத்தார். அப்போது எல்லோருக்கும் அவர் ஜெர்மானியர்தான்.

2018 மே மாதம் துருக்கி அதிபர் எர்டோகனோடு எடுத்த புகைப்படம் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. பத்திரிகையாளர்களைச் சிறையில் தள்ளிய ஒரு தலைவரோடு, அதுவும் தேர்தல் நேரத்தில், சிரித்துக்கொண்டு நின்றது தவறுதான். அதை விமர்சிக்கலாம். ஆனால் விமர்சனம் அதோடு நிற்கவில்லை. ஜெர்மனி முதல் சுற்றிலேயே வெளியேறியதும் பழி அவர் பரம்பரை மேல் விழுந்தது. ஜெயித்தால் ஜெர்மானியன், தோற்றால் வந்தேறி என்று மனம் நொந்து ஜூலையில் தேசிய அணியிலிருந்தே விலகினார்.

இப்படிப்பட்டவர்களுக்குத் தங்கள் இரண்டு கூட்டத்தின் மேலும் கோபம் உண்டு. அதைப் பற்றின்மை என்று நினைப்பது பெரிய தப்பு. வேற்று மனிதர் திட்டினால் யாரும் இவ்வளவு நொந்துபோவதில்லை, சொந்த வீட்டில் திட்டு வாங்கினால்தான் இப்படி வலிக்கும்.

எர்டோகனோடு அன்று புகைப்படம் எடுத்துக்கொண்ட இன்னொருவர் இல்கை குந்தோகன். அவரும் கெல்சன்கிர்ஷன்காரர்தான். தான் கொடுத்த பனியனில் 'என் அதிபருக்கு' என்றே எழுதியிருந்தார். அவருக்கும் சொந்த மைதானத்திலேயே கூச்சல் கிடைத்தது. அவர் விலகவில்லை.

2024 ஜூனில் ஜெர்மனி தன் சட்டத்தை மாற்றி, பழைய குடியுரிமையை விடாமலே ஜெர்மானியர் ஆகலாம் என்றது. அதே மாதம் ஐரோப்பியக் கோப்பைப் போட்டிகள் ஜெர்மனியிலேயே தொடங்கின. ஜெர்மனி அணியின் கேப்டன், குந்தோகன்.