விலையா, செவியா?

“நானூறு ரூபாய் ஹெட்செட்டில் பாட்டா கேட்கும்? தகரம்தான் கேட்கும்!” என்று தோழி ஒருத்தி சொன்ன நாளிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. காதுக்குள் செருகும் இந்தச் சிறு கருவியைப் பற்றித்தான் இப்போது எங்கள் வகுப்பில் ஓயாத பேச்சு. இரண்டாயிரத்துக்குக் குறைந்தது எதுவும் கருவியே அன்று என்பது பலரின் தீர்ப்பு. என் அம்மா விடியுமுன் ஜீப் ஏறி மலைக்குப் போய், ஏலத்தோட்டத்தில் நான்கு நாள் வேலை செய்தால்தான் இரண்டாயிரம் ரூபாய். ஆகவே அந்தத் தீர்ப்பு சரிதானா என்று பார்த்துவிடத் துணிந்தேன். (பள்ளிக்குக் கொண்டுவரவில்லை, சிஸ்டர்! வீட்டில்தான் பார்த்தேன்.)

மூன்று சோடிகள் கிடைத்தன. திருவிழாக் கடையில் நூறு ரூபாய்க்குத் தம்பி வாங்கியது ஒன்று. அம்மாவின் நானூறு ரூபாய் ஹெட்செட் ஒன்று. திருப்பூரில் வேலை பார்க்கும் அண்ணனிடம் இரவல் வாங்கிய, வயரில்லாத இரண்டாயிரம் ரூபாய்ச் சோடி ஒன்று.

முதல் நாள் இரவல் சோடியே வென்றது. நான் தோற்றுப்போன முகத்துடன் உட்கார்ந்திருந்தேன். என் தாத்தா அந்தக் காலத்தில் கல்யாண வீடுகளுக்கு மைக்செட் போட்டவர். அவர் சிரித்துவிட்டு, “அதில் சத்தம் கூட வைத்திருக்கிறாய், தாயி. சத்தம் கூடினால் எந்தக் காதுக்கும் நல்லதாகத்தான் தோன்றும். மூன்றையும் ஒரே அளவுக்கு வைத்துக் கேள்” என்றார். அப்படியே செய்தேன். முடிவு மாறிவிட்டது!

எதைக் கேட்பது என்பதற்கு நான் வெகுதூரம் போகவில்லை. நம் தேவாரத்துக்கு அருகிலுள்ள பண்ணைப்புரத்தில்தானே 1943-ல் இளையராஜா பிறந்தார்? 1976-ல் ‘அன்னக்கிளி’யில் தொடங்கியவர், 2025 மார்ச்சில் லண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றினார். அவர் பாட்டுகளில் பாடுகிறவரின் குரலுக்கு அடியில் பேஸ் கிட்டார் தனியே ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு போகும். நூறு ரூபாய்ச் சோடியில் அது வெறும் ‘டும் டும்’ ஆகிவிட்டது. ‘ஸ’ வரும் இடமெல்லாம் பாம்பு சீறியது. அது தகரமேதான், தோழி சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. இரவல் சோடியில் அடி ஒலி வீங்கி வந்து வயலின்களை மூடிக்கொண்டது. நானூறு ரூபாய்ச் சோடியிலோ குரல் தெளிவாக இருந்தது. ஆனால் கிட்டார் மெலிந்துபோயிருந்தது.

அங்கேதான் ஒரு வேடிக்கை. அந்த ஹெட்செட்டின் பெட்டியில் பெரிதும் சிறிதுமாக ரப்பர் மூடிகள் பிரிக்காமலே கிடந்தன. என் காதுக்குச் சிறிய மூடியே பொருந்தியது. அதை மாட்டியதும் கிட்டார் திரும்பி வந்தது! காதுத் துவாரத்துக்கும் மூடிக்கும் இடையில் காற்றுக் கசிந்தால் முதலில் போவது தாழ்ந்த ஒலிகளாம். இந்த மூடிகளை நம்மில் எத்தனை பேர் குப்பையில் போட்டிருப்போம்?

உள்ளே இருப்பதும் பெரிய மர்மம் அன்று. ஒரு சிறு காந்தம், ஒரு கம்பிச் சுருள், அதனோடு அதிரும் மெல்லிய சவ்வு, அவ்வளவே. 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், ஜெரோன் பிரேபார்ட் என்பவர் 283 ஹெட்போன்களை அளந்து பார்த்து, தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை அவை தரும் அளவுக்கும் விலைக்கும் தொடர்பு காணவில்லை என்று எழுதினார். அப்படியானால் கூடுதல் பணம் எங்கே போகிறது? பேட்டரிக்கும், வயரில்லாத வசதிக்கும், பெயருக்கும் போகிறது. அவை வேண்டியவர் வாங்கட்டும். ஒலிக்காக என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

வயர் இருப்பதில் ஒரு லாபமும் உண்டு. ரேடியோ உள்ள செல்போன்களுக்கு ஹெட்செட்டின் வயரே ஏரியல். அம்மா ஜீப்பில் கொடைக்கானல் எப்.எம். கேட்பது அதனால்தான். இரவல் சோடியை மாட்டியபோது, வயரைச் செருகச் சொல்லி ரேடியோ மௌனமாகிவிட்டது.

ஜீப்பைப் பற்றிச் சொன்னதும் எனக்குள்ள உண்மையான கவலையைச் சொல்கிறேன். ஏற்றத்தில் இஞ்சின் இரைச்சலுக்கு மேல் பாட்டுக் கேட்க அம்மா ஒலியை முழுவதும் கூட்டிவிடுவார். பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளுக்கு அதுவும் 75 தான். குழாய் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே வாழ்ந்த தாத்தாவுக்கு இன்று வலக்காது கேட்பதில்லை. மூடி சரியாகப் பொருந்தினால் வெளி இரைச்சல் குறையும், ஒலியைக் கூட்டத் தேவையிராது. எனவே ரப்பர் மூடியைத்தான் நான் விலையைவிடப் பெரிதாக நினைக்கிறேன். (சாலையில் நடக்கும்போது மட்டும் காதைத் திறந்து வையுங்கள்.)

மலிவுக் கருவியின் பெருங்குறை வேறு. பின் அருகே வயர் அற்றுவிடும். அம்மாவுடையது ஆறே மாதத்தில் அற்றது. அந்த மெல்லிய கம்பியில் அரக்குப் போல ஒரு பூச்சு இருக்கிறது. அதைச் சூட்டுக்கோலால் எரித்த பிறகே ஈயம் ஒட்டும். தாத்தா பற்ற வைத்துக் கொடுத்தார்.

இரவல் சோடியை அண்ணனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அம்மாவின் காதுக்கு நடுத்தர மூடி சரியாக இருக்கிறது. போன வாரம் ஜீப்பிலிருந்து இறங்கியவர், “இன்றைக்குப் பாதி சத்தத்தில்தான் வைத்தேன், பாட்டு கேட்டது” என்றார்.