போக ஒரு கணக்கு, வர ஒரு கணக்கு

டோக்கியோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கு ஆகாய மார்க்கமாகச் சுமார் 8,800 கிலோ மீட்டர். போவதற்கு ஏறக்குறைய 10 மணி நேரம். திரும்பி வர 12 மணி கூட ஆகிவிடும்! தூரம் வளர்ந்துவிடவில்லை, நேயர்களே. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும் பெருங்காற்று, போகிறவர்களை முதுகில் பிடித்துத் தள்ளுகிறது. வருகிறவர்களை எதிர்த்து நிற்கிறது. குளிர்காலத்தில் அதற்கு வேகம் அதிகம்.

இந்தக் காற்றை 1924-இல் பலூன் பறக்கவிட்டுக் கண்டவர் ஓயிஷி என்ற ஜப்பானிய விஞ்ஞானி. உலகமெல்லாம் படிக்கட்டும் என்று, எல்லாத் தேசத்தாருக்கும் பொதுவாக உண்டாக்கப்பட்ட எஸ்பெராண்டோ மொழியில் 1926-இல் அதைப் பிரசுரித்தார். பாவம், அந்த மொழியைப் படிக்கத்தான் ஆளில்லை! 1944-இல் டோக்கியோ மீது குண்டு வீச வந்த அமெரிக்க பி-29 விமானங்கள் அதே காற்றில் அகப்பட்டுத் திண்டாடின. குறி வைத்த இடம் ஒன்று, குண்டு விழுந்த இடம் வேறு.