ஓடுகிற பஸ்ஸும் உடைந்த குழாயும்

'ஓடுகிற பஸ்ஸுக்கு டயர் மாற்றுவார்களா?' என்று கேட்டு, இயங்கும் கோப்பு முறைமையைப் பழுதுபார்ப்பது பைத்தியக்காரத்தனம் என முடித்துவிட்டார் நண்பர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் லினக்ஸில் இயங்கும் எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை பஸ் இல்லை, தெரு. ஒரு வீட்டில் குழாய் உடைந்தால் ஊருக்கே தண்ணீரை நிறுத்த வேண்டியதில்லை.

எக்ஸ்எஃப்எஸ் வட்டைப் பல பகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. காலி இடம் எங்கே என்ற கணக்கு ஒவ்வொன்றுக்கும் தனி. ஒரு பகுதியின் கணக்கு கெட்டால் அதை மட்டும் பூட்டினால் போதும். கெட்டதை ஒட்டுப்போடுவது என்ற பேச்சே இல்லை. எந்த இடம் யாருக்குச் சொந்தம் என்ற தலைகீழ் அட்டவணை, 2016இல் லினக்ஸ் 4.8உடன் வந்தது. அதைப் படித்துப் புதுக் கணக்கை வெற்றிடத்தில் எழுதி, முடிந்த பிறகே கணக்கின் வேரை ஒரே பரிவர்த்தனையில் மாற்றுகிறார்கள். நடுவில் மின்சாரம் போனால் பழைய கணக்கு அப்படியே இருக்கும். கோப்புறைகளைக்கூட மீட்டெழுதும் வசதி 2024இல், 6.10 பதிப்பில் சேர்ந்தது.

'வட்டைக் கழற்றிவிட்டுப் பழுதுபார்த்தால் என்ன?' என்கிறார் நண்பர். பல டெராபைட் வட்டைக் கழற்றி, மணிக்கணக்கில் காத்திருக்கும் பயனர்களுக்கு அவரே பதில் சொல்லட்டும்.

வட்டை ஏற்றவே முடியாவிட்டால், கழற்றிய வட்டைப் பழுதுபார்க்கும் எக்ஸ்எஃப்எஸ்_ரிப்பேர் கருவிதான் கதி, மறுக்கவில்லை. தலைகீழ் அட்டவணை இல்லாமல் வடிவமைத்த பழைய வட்டுகளை என்ன செய்வது என்று அவர் கேட்டிருந்தால் நான் திணறியிருப்பேன். அவர் கேட்டது டயரைப் பற்றி.