எம்.பி.ஏ.வுக்கு என்ன அவசரம்?

கோடை விடுமுறை முடிந்து சங்கத்துக்கு வரும் பெற்றோர்கள், என்னைப் போன்ற ஓய்வு பெற்றவர்களைத் தேடிப்பிடித்து ஒரு கேள்வி கேட்பது வழக்கமாகிவிட்டது. "சார், பையன் பி.காம். முடித்துவிட்டான். எம்.பி.ஏ.வில் ஃபைனான்ஸ் எடுக்கலாமா, ஹெச்.ஆர். எடுக்கலாமா? எதற்கு ஸ்கோப் அதிகம்?"

கேள்வியில் தவறில்லை. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பையன் இதுவரை ஏதாவது ஓர் ஆபீஸிலோ, கடையிலோ, கிடங்கிலோ வேலை பார்த்திருக்கிறானா? இல்லை என்றால், இரண்டு வருடம் எங்காவது வேலை பார்த்துவிட்டு வரட்டும், பிறகு எம்.பி.ஏ. படிக்கட்டும். இதுதான் என் பதில். பல பெற்றோர்களுக்கு இது பிடிப்பதில்லை. அதனால்தான் எழுதியே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் 1978இல் டைப்ரைட்டிங் ஹையர், ஷார்ட்ஹாண்ட் சான்றிதழ்களோடு பம்பாய்க்கு வந்தவன். நம்மில் பலருடைய கதையும் இதுதான். ஃபோர்ட் பகுதியில் ஸ்டெனோவாக ஆரம்பித்து, பிறகு தாணே - பேலாப்பூர் சாலையில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவுக்குப் போனேன். வேலை முடிந்ததும் ரயிலைப் பிடித்து மாலை வகுப்புக்கு ஓடி நிர்வாகவியல் படித்தேன். அந்தப் படிப்பு எனக்கு ஏன் பயன்பட்டது என்பதற்கு ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன்.

1987இல் ஒரு மாதம். எங்கள் கம்பெனிக்கு ஆர்டருக்குக் குறைவில்லை. புத்தகத்தில் லாபம் நன்றாகவே தெரிந்தது. ஆனால் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் மூன்று மாதமாகப் பில் பணத்தைக் கொடுக்கவில்லை. பேங்கில் ஓவர்டிராஃப்டும் எல்லையைத் தொட்டுவிட்டது. 1936ஆம் வருடத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டப்படி, ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் தொழிற்சாலையில் 7ஆம் தேதிக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். 6ஆம் தேதி மாலை கையில் பாதிப் பணம்தான் இருந்தது. கணக்குப் பிரிவில் நாங்கள் பேங்குக்கு ஃபோன் செய்துகொண்டிருந்தோம். கேட்டுக்கு வெளியே பர்சனல் ஆபீஸர் தொழிலாளர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். செக்கில் கையெழுத்துப் போட வேண்டிய இருவரில் ஒருவர் ஊரில் இல்லை. அவருக்குப் பதிலாக யார் கையெழுத்துப் போடலாம் என்று எங்கும் எழுதி வைக்கப்படவில்லை.

அதே வாரம் மாலை வகுப்பில் பாடம், நடைமுறை மூலதனம். லாபம் வேறு, கையிலிருக்கும் பணம் வேறு என்று பேராசிரியர் கரும்பலகையில் எழுதியபோது என் கண்முன் அந்தக் கேட்தான் வந்தது. பணம் வராதது நிதி. தொழிலாளியின் நம்பிக்கை போனது மனிதவளம். கையெழுத்துக்கு மாற்று ஏற்பாடு இல்லாதது நிர்வாகம். மூன்று பாடங்களும் ஒரே சம்பள நாளில் ஒன்றாக வந்து நின்றன. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, வேலைக்கே போகாத பையனும் அதே குறிப்பைத்தான் எழுதிக்கொண்டான். பரீட்சையில் என்னைவிட அதிக மார்க்கும் வாங்கினான். ஆனால் அவனுக்கு அது ஒரு சூத்திரம். எனக்கு அது 6ஆம் தேதி மாலை.

இதை இவ்வளவு தெரிந்துகொண்ட நானே என் வீட்டில் தவறு செய்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2012இல் என் இளைய பெண் பி.காம். முடித்தாள். "அப்பா, ஒரு வருடமாவது வேலைக்குப் போகிறேன். எனக்கு ஆட்களோடு பழகுகிற வேலைதான் பிடிக்கும்" என்றாள். நான் கேட்கவில்லை. ஃபைனான்ஸ்தான் கௌரவம், உடனே சேர்ந்தால்தான் சீக்கிரம் முடியும் என்று கல்விக் கடன் வாங்கி ஒரு தனியார் கல்லூரியில் சேர்த்தேன். இரண்டு வருடம் கழித்துக் கிடைத்தது என்ன? கவுன்ட்டருக்கு வருகிறவர்களிடம் இன்ஷூரன்ஸ் பாலிசி விற்கும் வேலை. அதற்கு ஃபைனான்ஸும் தேவையில்லை, எம்.பி.ஏ.வும் தேவையில்லை. சம்பளத்தில் பாதி கடன் தவணைக்குப் போயிற்று. மூன்று வருடம் கழித்து, வேறொரு கம்பெனியில் சம்பளப் பட்டியல் தயாரிக்கும் பிரிவுக்குப் போய், தொழிலாளர் சட்டத்தில் மாலை நேரப் படிப்பு ஒன்றை முடித்து, இன்று மனிதவளப் பிரிவில் நல்ல பொறுப்பில் இருக்கிறாள். அவள் கேட்ட ஒரு வருடத்தை நான் கொடுக்கவில்லை. அவளுக்கு ஐந்து வருடம் செலவாயிற்று.

பையனுக்கு ஃபைனான்ஸ், பெண்ணுக்கு ஹெச்.ஆர்.

நம்மவர்களிடம் இன்னொரு பழக்கமும் வேரூன்றிவிட்டது. பையனுக்கு ஃபைனான்ஸ், பெண்ணுக்கு ஹெச்.ஆர்., மார்க் குறைந்தவர்களுக்கு 'ஜெனரல்' என்று பிரித்து வைத்திருக்கிறோம். ஹெச்.ஆர். என்றால் பிறந்த நாளுக்குக் கேக் வெட்டும் டிபார்ட்மெண்ட் என்று சிலர் கேலி செய்கிறார்கள். இது சரியல்ல. செம்பூரை அடுத்த தேவ்னாரில் இருக்கும் டாடா சமூக அறிவியல் கழகம் 1936இல் தொடங்கியது. ஜாம்ஷெட்பூரில் உள்ள எக்ஸ்.எல்.ஆர்.ஐ. 1949இல் வந்தது. அகமதாபாதிலும் கல்கத்தாவிலும் ஐ.ஐ.எம்.கள் வந்ததே 1961இல்தான். தொழிலாளர் விஷயம் இந்த நாட்டில் அவ்வளவு பழைய, கனமான படிப்பு. 1982 ஜனவரியில் டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கியதை நாம் இதே நகரத்தில் பார்த்தவர்கள். அதற்குப் பிறகு பல ஆலைகள் திறக்கவே இல்லை. இப்போது 29 மத்தியத் தொழிலாளர் சட்டங்கள் நான்கு தொகுப்புகளாக மாற்றப்பட்டு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்துள்ளன. இதையெல்லாம் படித்துப் புரிந்துகொள்ள வேண்டியவர் யார்? கேக் வெட்டுகிறவரா?

எந்தப் பிரிவு உயர்ந்தது என்று பெற்றோர் தீர்மானிக்க வேண்டாம். இரண்டு வருடம் வேலை பார்த்த பிள்ளைக்குத் தன் மனம் எதில் நிற்கிறது என்று தானாகவே தெரிந்துவிடும்.

கடன் கணக்கு

பதினைந்து லட்சம் கடன், 10 சதவீத வட்டி, பத்து வருடத் தவணை என்று வைத்துக்கொள்வோம். மாதம் சுமார் 19,800 ரூபாய் கட்ட வேண்டும். மொத்தம் கட்டுவது 23 லட்சத்து 80 ஆயிரத்துக்குப் பக்கத்தில் வரும். படிக்கும் காலத்து வட்டியைச் சேர்த்தால் இன்னும் கூடும். டோம்பிவிலியிலும் அம்பர்நாத்திலும் அரும்பாடுபட்டு வாங்கிய வீட்டை ஈடு வைக்கும் குடும்பங்களை நான் அறிவேன். கல்லூரிக்காரர்கள் விளம்பரத்தில் போடும் 'அதிகபட்சச் சம்பளம்' ஒரே ஒரு மாணவனுடையது. நூறு பேரை வரிசையாக நிறுத்தினால் ஐம்பதாவது ஆள் என்ன வாங்குகிறான் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் கல்லூரிக்குக் கடன் வாங்கிச் சேர்க்காதீர்கள். வேலையை விடாமலேயே படிக்க வழியும் இருக்கிறது. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் மொத்தச் செலவு ஒரு லட்சத்துக்கும் உள்ளேதான். மனிதவளமும் நிதியும் அங்கேயும் சிறப்புப் பாடங்கள்.

எதிர்வாதம் வரும். "சம்பள ருசி கண்டுவிட்டால் அப்புறம் படிக்க மாட்டான்" என்பார்கள். படிக்காவிட்டால் அவனுக்கு அந்தப் படிப்பு தேவைப்படவில்லை என்று அர்த்தம். பதினைந்து லட்சம் மிச்சம். "பெண்ணுக்குக் கல்யாண வயது தள்ளிப்போகும்" என்பார்கள். இதைச் சொல்வது எளிது, பதில் சொல்வதுதான் கஷ்டம். தாயும் தகப்பனும் படும் கவலையை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் கடனோடு புகுந்த வீட்டுக்குப் போகும் பெண்ணைவிட, கையில் இரண்டு வருட அனுபவமும் கொஞ்சம் சேமிப்புமாகப் போகும் பெண் நிமிர்ந்து நிற்பாள். "முதல் தரக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டதே" என்றால், அது வேறு விஷயம். ஐ.ஐ.எம். நுழைவுத் தேர்வுக்கு முன் அனுபவம் கட்டாயமில்லை. அங்கே இடம் கிடைத்தால் தாராளமாகச் சேருங்கள். நான் சொல்வது மற்ற பெரும்பாலோருக்கு.

இரண்டு வருடம் என்பது காலண்டர் கணக்கும் அல்ல. தாராவியில் தோல் பட்டறையோ மாவுக் கடையோ வைத்திருக்கும் நம் குடும்பத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூட நாளிலிருந்தே கல்லாவில் உட்கார்ந்தவர்கள். கடன் கொடுத்தவன் இழுத்தடிப்பதும், ஆள் வேலைக்கு வராமல் நிற்பதும் அவர்களுக்குத் தெரியும். அவர்கள் நாளைக்கே சேரலாம். பாடத்தை எங்களைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் உறுப்பினர்களில் கணக்குப் பிரிவிலும், பேங்கிலும், தொழிலாளர் பிரிவிலும் முப்பது வருடம் பழுத்தவர்கள் பலர். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் சங்கக் கட்டடத்தில் அவர்கள் உட்காரட்டும். கல்லூரி முடிக்கப்போகும் பிள்ளைகள் பெற்றோர் இல்லாமல் தனியே வந்து பேசட்டும். கடை, கம்பெனி வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருவரையாவது சம்பளம் கொடுத்துப் பழக்கட்டும். முதல் ஞாயிறு நான் வருகிறேன். என் பெண்ணும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் சொல்வதை என்னைவிடக் கவனமாகக் கேளுங்கள்.