நம்பிய போன் கைவிட்டால்?

திருவானைக்காவல் வீடுகளிலும் அலமாரி மூலையில் பழைய நோக்கியா லூமியா போன் கிடக்கலாம். தூக்கி எறிய மனம் வராது!

நோக்கியா நமக்கு அந்நியமல்ல. 2006 முதல் 2014 வரை ஸ்ரீபெரும்புதூரில் அதன் ஆலை ஓடியது.

2011-ல் அது மைக்ரோசாப்டின் ‘விண்டோஸ்’ பக்கம் போனது. எதிர்காலம் நிச்சயமில்லாதபோதும், பலர் லூமியாவை விடவில்லை.

நடந்தது என்ன?

2019 கடைசி நாளோடு அதில் வாட்ஸ்அப் நின்றது. 2020 ஜனவரியில் பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றன. போன் கெடவில்லை, கம்பெனி கைகழுவிவிட்டது!

பாதுகாப்பு இல்லாத போன், பூட்டில்லாத வீடு.

விசுவாசத்தை மனிதரிடம் காட்டுங்கள். போனிடம் பிரியம் போதும். ‘நிறுத்துகிறோம்’ என்று கம்பெனி அறிவித்த அன்றே, குழந்தைகளின் படங்களையும் உறவினர் எண்களையும் வேறிடத்தில் பத்திரப்படுத்துங்கள். பணம் அனுப்ப அந்தப் போன் வேண்டவே வேண்டாம்!