செல்லைக் கேட்டால்தான் தெரியும்!

கொரோனா காலத்தில் 'சைட்டோகைன் புயல்' என்று டி.வி.யில் அடிக்கடி சொன்னார்களே, ஞாபகம் இருக்கிறதா? செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்ல அனுப்பும் புரதங்கள்தான் சைட்டோகைன்கள். ஒரு துளி ரத்தத்தில் இவை இருப்பது மிகமிகக் கொஞ்சம். தராசில் வைக்க முடியாது. பிறகு எப்படி அளப்பது?

1957-ல் லண்டனின் மில் ஹில் ஆராய்ச்சி நிலையத்தில் அலிக் ஐசக்ஸ், ழான் லிண்டன்மன் இருவரும் கோழிமுட்டைக் கருவின் சவ்வை, சூடாக்கிச் செயலிழக்க வைத்த ஃப்ளூ வைரஸோடு ஊறவைத்தார்கள். அந்த நீரை எடுத்துப் புதிய சவ்வில் விட்டபோது, உயிருள்ள வைரஸால்கூட அதில் சரியாகப் பெருக முடியவில்லை. நீரில் இருந்த அந்த 'ஏதோ ஒன்று'க்கு இன்டர்ஃபெரான் என்று பெயர் வைத்தார்கள். கண்ணால் யாரும் பார்க்காத சரக்கு என்பதால் சக விஞ்ஞானிகள் 'மிஸ்இன்டர்பிரட்டான்' என்று கிண்டலடித்தார்கள். அதைச் சுத்தமாகப் பிரித்தெடுக்க ஏறக்குறைய 20 வருடங்கள் ஆயின.

அதுவரை அளவுகோல் செல்கள்தான். 96 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் ஒரே மாதிரி செல்களை வளர்ப்பார்கள். முதல் குழியில் மாதிரி, அடுத்ததில் அதில் பாதி, அதற்கடுத்து அதிலும் பாதி என்று நீர்க்கவைத்துக்கொண்டே போவார்கள். பிறகு வைரஸை விடுவார்கள். ஓரிரு நாளில் ஊதாச் சாயம் ஊற்றினால், பிழைத்த செல்கள் நிறம் பிடிக்கும். செத்தவை கழுவிக்கொண்டு போய்விடும். எந்தக் குழியில் பாதிச் செல்கள் பிழைத்தனவோ, அங்கே இருப்பது ஒரு யூனிட். இன்டர்ஃபெரான் ஊசி மருந்தில் '30 லட்சம் யூனிட்' என்று போட்டிருப்பது இப்படி வந்த கணக்குதான். செல்கள் ஒருநாள் போல் மறுநாள் இருக்காது, சமயத்தில் மக்கர் பண்ணும். அதனால் அளவு தெரிந்த ஒரு மாதிரியையும் ஒவ்வொரு முறையும் கூடவே வைத்து ஒப்பிட்டே ஆக வேண்டும்.

இன்று எலைசா டெஸ்ட் சில மணி நேரத்தில் அளவைச் சொல்லிவிடுகிறது. ஆனால் பொருள் இருக்கிறதா என்றுதான் அது சொல்லும்; வேலை செய்கிறதா என்று சொல்லாது.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பது 2020-ல் தெரிந்தது. ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ழான்-லோரான் காசனோவா குழுவினர், கொரோனாவால் உயிருக்குப் போராடிய 987 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். அவர்களில் 101 பேரின் உடம்பு, தன் சொந்த இன்டர்ஃபெரானையே முடக்கும் எதிர்ப்புப் பொருளைத் தயாரித்து வைத்திருந்தது. அந்த பிளாஸ்மாவோடு சேர்த்து இன்டர்ஃபெரானைச் செல்களுக்குக் கொடுத்தால், செல்கள் அசையவே இல்லை! 101 பேரில் 95 பேர் ஆண்கள். லேசான தொற்றோடும் அறிகுறியே இல்லாமலும் தப்பிய 663 பேரில் ஒருவருக்குக்கூட இது இல்லை.

உலகம் முழுக்க பிளாஸ்மா தானம் மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரம் அது. தீவிர கொரோனாவிலிருந்து மீண்டவர்களிடம் பிளாஸ்மா வாங்கும் முன் இதையும் சோதிக்க வேண்டும் என்று அந்தக் குழு எழுதியது.