பட்டாம்பூச்சி முகத்தில்... ஆபத்து சிறுநீரகத்தில்!

கோடம்பாக்கம் பவர் ஹவுஸ் ஸ்டாப்பில் இறங்கி ஆற்காடு ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். லேப் போர்டுகளுக்குப் பஞ்சமே இல்லை. அப்பாவுக்கு சுகர், அம்மாவுக்கு கொலஸ்ட்ரால், தாத்தாவுக்கு மாஸ்டர் ஹெல்த் செக்கப் என்று ஆளாளுக்கு ஒரு ரிப்போர்ட்டோடு வீடு திரும்புகிறோம். சந்தோஷம்!

ஆனால், அதே வீட்டில் இருபது வயசுப் பெண், "விரல் மூட்டெல்லாம் வலிக்குதும்மா... வெயில்ல போனா முகம் சிவந்து எரியுதும்மா... முடி கொத்துக் கொத்தா கொட்டுதும்மா" என்று மாசக்கணக்கில் சொன்னால்? "ராத்திரி முழுக்க செல்போனை நோண்டினா இப்படித்தான்" என்று முடித்து விடுகிறோம்.

அது 'லூப்பஸ்' என்கிற நோயாக இருக்கலாம். கிருமிகளோடு சண்டை போட வேண்டிய நம் எதிர்ப்பு சக்தி, ஆள் தெரியாமல் நம் உடம்பையே தாக்கும் நோய். மூக்கின் இரண்டு பக்கமும் கன்னத்தில் பட்டாம்பூச்சி இறக்கை விரித்தாற்போல சிவப்புத் தடிப்பு வருவது இதன் பிரபலமான அடையாளம். பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் பெண்கள். அதுவும் படிக்கிற, வேலைக்குப் போகிற, கல்யாணம் பேசுகிற வயசில் இருப்பவர்கள்தான் அதிகம். இது தொற்று நோய் இல்லை. யார் செய்த பாவமும் இல்லை.

சரி, இதில் எதற்கு சிறுநீரகம்?

எல்லோரும் முகத்தையே பார்த்துக் கொண்டிருக்கும்போது, லூப்பஸ் சத்தமில்லாமல் சிறுநீரகத்தில் நுழைந்து விடும். நோயாளிகளில் பத்துக்கு நாலைந்து பேருக்கு என்றாவது ஒரு நாள் இந்தப் பாதிப்பு வருகிறது. பெரும்பாலும் நோய் தெரிந்த முதல் ஐந்து வருஷத்துக்குள்! ஐரோப்பியர்களைவிட நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

இதில் கொடுமை என்னவென்றால், ஆரம்பத்தில் வலிக்கவே வலிக்காது. காபி வடிகட்டும் ஃபில்டரில் ஓட்டை விழுந்தால் தூளும் சேர்ந்து இறங்குகிற மாதிரி, சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகள் பழுதானால் ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம் சிறுநீரில் கசியும். கால் வீங்கி, முகம் உப்பி, சிறுநீர் நுரைத்துப் போகும்போதுதான் வீட்டுக்காரர்கள் விழித்துக் கொள்கிறார்கள். அதற்குள் திருடன் பாதி வீட்டைக் காலி செய்திருப்பான்.

"கிரியாட்டினின் நார்மல்னு வந்துடுச்சே ஸார்!" என்பீர்கள். அங்கேதான் ஏமாந்து போகிறோம். சிறுநீரகத்தின் வேலைத்திறன் ஏறக்குறைய பாதி குறையும் வரைகூட கிரியாட்டினின் 'நார்மல்' என்றே காட்டக்கூடும். லூப்பஸ் இருப்பவருக்கு அந்த ஒரு எண்ணை மட்டும் நம்புவது, புகை கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக அடுப்பை அணைக்காமல் ஊருக்குப் போகிற மாதிரி.

அப்படியென்றால், முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழியே இல்லையா? இருக்கிறது. மந்திரமும் இல்லை, ஜோசியமும் இல்லை.

முதலாவது, சிறுநீர்ப் பரிசோதனை. காலையில் எழுந்ததும் பிடிக்கும் முதல் சிறுநீரில் புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பார்கள். அது 0.5 என்ற அளவைத் தாண்டினால் மணி அடித்து விட்டது என்று அர்த்தம். (மாதவிலக்கு நாட்களில் டெஸ்ட் கொடுக்காதீர்கள். தப்பான பயத்தைக் கிளப்பும்.)

இரண்டாவது, ரத்தத்தில் 'ஆன்ட்டி டிஎஸ் டிஎன்ஏ', 'சி3', 'சி4' என்று மூன்று பரிசோதனைகள். முதலாவது ஏறிக்கொண்டே போய், மற்ற இரண்டும் இறங்கிக்கொண்டே வந்தால், சிறுநீரகம் ஜாக்கிரதை என்று டாக்டர் புரிந்து கொள்வார். எல்லோருக்கும் இது அச்சுப் பிசகாமல் பொருந்தாது என்பதும் உண்மை. அதனால்தான் ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டாமல், வரிசையாகப் பார்க்க வேண்டும் என்கிறார்கள்.

மூன்றாவது, ரத்த அழுத்தம். இருபது வயசில் பி.பி. 150 என்று காட்டினால், "டென்ஷன்" என்று சொல்லி ஒதுக்காதீர்கள்.

சிறுநீரில் வரும் வேறு சில புரதங்களை வைத்து இன்னும் சீக்கிரமாகக் கண்டுபிடிக்க உலகம் முழுக்க ஆராய்ச்சி நடக்கிறது. நல்லது, நடக்கட்டும். ஆனால், தெருமுனை லேபில் இன்றைக்கே செய்யக்கூடிய டெஸ்ட்டைச் செய்யாமல், நாளைக்கு வரப்போகும் டெஸ்ட்டுக்காகக் காத்திருப்பதில் என்ன நியாயம்?

ஏன் செய்வதில்லை? பணமா? இல்லை. பல வீடுகளில் காரணம் பயம்தான்.

"மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?" என்று நோயையே மூடி மறைக்கிறார்கள். கல்யாண போட்டோவில் முகம் உப்பித் தெரியக்கூடாது என்று ஸ்டீராய்டு மாத்திரையைப் பெண்ணே நிறுத்தி விடுகிறாள். திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து! மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடும் வலி மாத்திரை, ஏற்கெனவே அடிபட்ட சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கிறது.

அடுத்த பயம், பயாப்ஸி. "கிட்னியில ஊசி குத்தினா கிட்னியே போயிடும்" என்று யாரோ கிளப்பி விட்டிருக்கிறார்கள். ஸ்கேனில் பார்த்தபடியே, மரத்துப்போக ஊசி போட்டு, துளியூண்டு சதையை எடுக்கிறார்கள். கொஞ்சம் ரத்தக் கசிவு அபாயம் உண்டு. அதற்காகத்தான் ஒரு நாள் படுக்கையில் வைத்துக் கவனிக்கிறார்கள். லூப்பஸ் சிறுநீரகப் பாதிப்பில் ஆறு வகை இருக்கிறது. எந்த வகை என்று தெரியாமல் மருந்து கொடுப்பது இருட்டில் கல் எறிவது போல!

ஒளித்து வைப்பதால் நோய் ஒளிந்து கொள்ளாது. அமெரிக்கப் பாடகி செலினா கோமஸ், லூப்பஸால் சிறுநீரகம் பழுதாகி, தோழி கொடுத்த சிறுநீரகத்தால் பிழைத்ததை 2017-ல் ஊரறியச் சொன்னார். நம் சமந்தா, தசைகளைத் தாக்கும் 'மயோசைட்டிஸ்' தனக்கு இருப்பதை 2022-ல் வெளிப்படையாகச் சொன்னார். அதுவும் எதிர்ப்பு சக்தி தடம் மாறுவதால் வரும் நோய்தான். முகத்தை மூலதனமாக வைத்த நடிகைகளே சொல்லும்போது, நாம் சொந்தக்காரர்களுக்குப் பயப்படலாமா?

செலவு பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு விஷயம். சிறுநீரக நிபுணர் டாக்டர் எம்.கே.மணி, 'கிட்னி ஹெல்ப் டிரஸ்ட்' மூலம் 1990-களின் கடைசியில் சென்னைக்கு அருகே உள்ள கிராமங்களில் ஒரு வேலை செய்தார். உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, வீடு வீடாக அனுப்பி, சிறுநீரையும் பி.பி.யையும் சோதிக்க வைத்தார். சிறுநீரில் சில சொட்டு ரசாயனம் விட்டால், புரதம் இருந்தால் வெள்ளையாகக் கலங்கும். அவ்வளவுதான் டெஸ்ட்! அது சர்க்கரை, ரத்த அழுத்தத்தால் வரும் சிறுநீரகக் கேட்டைத் தடுக்க நடந்த முயற்சி. ஆனால், பாடம் நமக்கும் சேர்த்துத்தான். கிராமத்தில் முடிந்தது கோடம்பாக்கத்தில் முடியாதா?

என் யோசனை இதுதான். பால் கணக்குக்கு நோட்டு போடுகிறோம் இல்லையா? லூப்பஸ் இருக்கும் பெண்ணுக்கும் ஒரு நோட்டு போடுங்கள். மூன்று மாசத்துக்கு ஒரு முறை தேதி, சிறுநீர்ப் புரதம், பி.பி., சி3, சி4 என்று வரிசையாக எழுதுங்கள். எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதை உங்கள் டாக்டர் கூட்டிக் குறைப்பார். ஆஸ்பத்திரி மாறினாலும், ஊர் மாறினாலும் அந்த நோட்டு கூடவே போகட்டும். அதில் எண்கள் நகரும் திசைதான் வரப்போவதை முன்கூட்டியே சொல்லும்.

'ஹைட்ராக்ஸி குளோரோகுயின்' மாத்திரையை டாக்டர் கொடுத்திருந்தால், 'உடம்பு நல்லாத்தானே இருக்கு' என்று நிறுத்தாதீர்கள். நோய் மறுபடி சீறாமல் காப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. கண் பரிசோதனையை மட்டும் டாக்டர் சொன்னபடி செய்து கொள்ளுங்கள். கல்யாணம், குழந்தை இரண்டுமே சாத்தியம்தான். ஆனால், நோய் குறைந்தது ஆறு மாசம் அடங்கியிருந்த பிறகு, டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கர்ப்பம் தரிக்க வேண்டும். சில மருந்துகளை முன்பே மாற்ற வேண்டியிருக்கும்.

வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினோடு ஒரு பெண்ணைக் கட்டிப் போடுவதா, மூன்று மாசத்துக்கு ஒரு முறை ஒரு சின்ன டப்பாவோடு லேபுக்கு அனுப்புவதா? முடிவு அவள் கையிலும், உங்கள் கையிலும் இருக்கிறது. இன்றைக்கே ஒரு நோட்டு வாங்குங்கள்!